பூஜ்ஜியம் என்று எழுதிய கட்டம்

பள்ளி அறிவியல் புத்தகத்தின் அந்த அட்டவணை பலருக்கும் நினைவிருக்கும். எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் என்று மூன்று வரிசை. இலங்கையில் படித்தவர்களுக்கு இலத்திரன், புரோத்தன், நியூத்திரன். பக்கத்துக் கட்டத்தில் மின்சுமை: ஒன்றுக்கு −1, ஒன்றுக்கு +1, கடைசியில் இருப்பதற்குப் பூஜ்ஜியம். தேர்வுக்கு முந்தின இரவு மனப்பாடம் செய்ய மூன்றில் நியூட்ரான்தான் சுலபம், ஏனென்றால் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இருக்காது. வேதியியல் பாடம் முழுக்க எலக்ட்ரான் வரும். புரோட்டான்களின் எண்ணிக்கை தனிமத்தின் பெயரையே முடிவு செய்யும். நியூட்ரான் கருவுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும் எடை என்ற நினைப்போடுதான் நானும் பள்ளியை முடித்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் இருக்கும் எலக்ட்ரான்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து எடை போட முடிந்தால் சுமார் 18 கிராம்தான் இருக்கும். புரோட்டான்கள் ஏறத்தாழ 33 கிலோ. மீதி 27 கிலோ நியூட்ரான். உடம்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு, மின்சுமைக் கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டு நாம் கடந்துவிடுகிற இந்தத் துகளால் ஆனது. இத்தனை எடை இருந்தும் 1932 வரை அதை யாரும் பார்த்ததில்லை. எலக்ட்ரான் 1897-லேயே பிடிபட்டுவிட்டது. நடுவில் 35 ஆண்டுகள்.

காரணம் அந்தப் பூஜ்ஜியம்தான். அணுவுக்குள் இருப்பவற்றைத் தொட்டுப் பார்க்க நமக்கு இருந்த ஒரே கைப்பிடி மின்சுமை. 1897-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே. ஜே. தாம்சன் காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் ஓடிய கதிர்களை மின்புலத்தாலும் காந்தத்தாலும் வளைத்தார். எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து மின்சுமைக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டார். குழாயில் இருக்கும் வாயுவை மாற்றிப் பார்த்தார், மின்வாயின் உலோகத்தை மாற்றிப் பார்த்தார், விகிதம் மாறவில்லை. எல்லாப் பொருளுக்குள்ளும் ஒரே துகள் இருக்கிறது என்று அவர் சொன்னது அப்படித்தான். வளையாத ஒன்று அந்தக் குழாயில் ஓடியிருந்தால் அவருக்குத் தெரியவே வந்திருக்காது.

அடுத்து வந்தது அணுக்கரு. மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் வழிகாட்டுதலில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின் மீது ஆல்ஃபா துகள்களை, அதாவது சில கதிரியக்கப் பொருள்கள் உமிழும் நேர்மின் துகள்களை, செலுத்தினார்கள். பெரும்பாலானவை நேராக ஊடுருவிப் போக, மிகச் சில மட்டும் வந்த வழியே திரும்பின. இந்தச் சோதனையை எல்லாப் பாடப்புத்தகமும் விரிவாகச் சொல்கிறது என்பதால் இங்கே நீட்டவில்லை. ரூதர்ஃபோர்ட் 1911-இல் சொன்ன முடிவு மட்டும் போதும்: அணுவின் நிறை ஏறக்குறைய முழுவதும் அதன் நடுவில், அணுவின் அகலத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே உள்ள ஓர் இடத்தில் குவிந்திருக்கிறது. 1919-இல் அவரே நைட்ரஜன் மீது ஆல்ஃபா துகள்களை மோதவிட்டு, ஹைட்ரஜன் அணுக்கரு தெறித்து வருவதைப் பார்த்தார். அதற்கு 1920-இல் புரோட்டான் என்று பெயர் வைத்தார். இங்கும் வேலை செய்தது மின்சுமைதான். ஆல்ஃபாவைத் திருப்பி அனுப்பியது கருவின் நேர்மின் விலக்கு.

சரி, இரண்டு துகள் கையில் இருக்கிறது. ஆனால் கணக்கு உதைத்தது. ஹீலியம் அணுக்கருவின் மின்சுமை +2, நிறையோ புரோட்டானைப் போல நான்கு மடங்கு. நைட்ரஜனுக்கு மின்சுமை 7, நிறை 14. மேலே போகப் போக இந்த இடைவெளி இன்னும் விரிகிறது. தங்கத்துக்கு மின்சுமை 79, நிறை 197. கூடுதல் நிறை எங்கிருந்து வருகிறது?

அன்றைக்குப் பெரும்பாலோர் நம்பிய விடை இது: நைட்ரஜன் கருவுக்குள் 14 புரோட்டான்கள் இருக்கின்றன, கூடவே 7 எலக்ட்ரான்களும் கருவுக்குள்ளேயே அடைபட்டிருக்கின்றன. 14-இல் 7 கழிந்தால் மின்சுமை 7 சரியாகிவிடும். எலக்ட்ரானுக்கு நிறை மிகக் குறைவு என்பதால் 14-உம் சரியாக இருக்கும். இதை முட்டாள்தனம் என்று இன்று சொல்லிவிட முடியாது. பீட்டா சிதைவு என்ற கதிரியக்க மாற்றத்தில் அணுக்கருவிலிருந்து எலக்ட்ரான் வெளியே வருவதைக் கண்ணாரப் பார்த்திருந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் வெளியே வந்தால், அதுவரை உள்ளே இருந்திருக்கிறார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

ரூதர்ஃபோர்டுக்கு வேறொரு யோசனையும் இருந்தது. புரோட்டானும் எலக்ட்ரானும் மிக நெருக்கமாகப் பிணைந்து, மின்சுமையே இல்லாத ஒரு துகளாக இருக்கலாம் என்று 1920-இல் ஒரு சொற்பொழிவில் சொன்னார். அப்படி ஒன்று இருந்தால் அது எந்தப் பொருளுக்குள்ளும் தங்கு தடையின்றிப் புகுந்துவிடும், எந்தப் பாத்திரத்திலும் அடைத்து வைக்க முடியாது என்றும் சொன்னார். அவர் கற்பனை செய்த உள்கட்டமைப்பு தவறு. குணத்தைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் பலித்தது.

கருவுக்குள் எலக்ட்ரான் என்ற கொள்கையை ஆட்டம் காணவைத்தது நைட்ரஜன். இந்தக் கதை பள்ளிப் பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் வருவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். குவாண்டம் இயற்பியலில் புரோட்டான், எலக்ட்ரான் போன்ற துகள்களுக்குத் தற்சுழற்சி என்ற குணம் உண்டு. இவை ஒற்றைப்படை எண்ணிக்கையில் சேர்ந்தால் கூட்டுத்துகள் ஒரு விதமாகவும், இரட்டைப்படையில் சேர்ந்தால் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். இரட்டைப்படைக் கூட்டம் பின்பற்றும் விதிக்கு சத்யேந்திரநாத் போஸின் பெயர். பழைய கொள்கைப்படி நைட்ரஜன் கருவில் 14 புரோட்டான், 7 எலக்ட்ரான், ஆக 21. ஒற்றைப்படை.

இதைச் சோதிக்க ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழி அப்போதுதான் கல்கத்தாவிலிருந்து வந்திருந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928 பிப்ரவரியில் கண்ட ஒளிச்சிதறல் அது. ஒரு மூலக்கூறின் மீது பட்டுச் சிதறும் ஒளியில், அந்த மூலக்கூறு எப்படிச் சுழல்கிறது, அதிர்கிறது என்பதன் அடையாளம் பதிந்திருக்கும். அடுத்த ஆண்டே இத்தாலியரான ஃபிராங்கோ ரசெட்டி கலிஃபோர்னியாவில் நைட்ரஜன் வாயுவின் ராமன் நிறமாலையைப் படமெடுத்தார். கோடுகள் ஒன்று அழுத்தமாகவும் அடுத்தது மங்கலாகவும் மாறி மாறி விழுந்தன. எந்த வரிசைக் கோடுகள் அழுத்தமானவை என்பதைப் பார்த்தால், கருவுக்குள் இருப்பது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று தெரிந்துவிடும். ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த ஹைட்லரும் ஹெர்ஸ்பெர்கும் அந்தப் படத்தை வைத்துச் சொன்ன முடிவு: நைட்ரஜன் கரு போஸின் விதியைப் பின்பற்றுகிறது. இரட்டைப்படை. 21 என்ற கணக்கு அங்கேயே உடைந்தது.

அணுக்கருவைப் பற்றிய ஒரு பெரிய தவறைக் கண்டுபிடிக்க மோதல் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை, ஒளியும் நிறமாலைமானியும் போதுமாக இருந்தன. ராமன் விளைவைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம், கடலின் நீலத்தைச் சொல்கிறோம், நோபல் பரிசைச் சொல்கிறோம். அது அணுவின் உள்ளடக்கத்தைத் திருத்த உதவியதையும் சேர்த்துச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இனி ஜேம்ஸ் சாட்விக். மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் மாணவர். மேலே படிக்க பெர்லினில் கைகரிடம் போயிருந்தபோது 1914-இல் போர் மூண்டது. பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் பெர்லினுக்குப் பக்கத்தில் ஒரு குதிரைப் பந்தயத் திடலின் லாயங்களில் நான்கு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. அந்தக் காலத்தில் ஜெர்மனியில் தோரியம் கலந்த பற்பசை விற்றது. அதைக் கதிரியக்க மூலமாக வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். இப்படிப்பட்ட ஒருவர், பின்னாளில் ரூதர்ஃபோர்டோடு கேம்பிரிட்ஜில் இருந்தபடி, 1920-களில் அந்த மின்சுமையில்லாத துகளை விட்டு விட்டுத் தேடினார். கிடைக்கவில்லை.

துப்பு ஜெர்மனியிலிருந்து வந்தது. 1930-இல் போத்தேயும் பெக்கரும் பெரிலியத்தின் மீது ஆல்ஃபா துகள்களை மோதவிட்டபோது, ஈயத் தகடுகளையும் ஊடுருவிப் போகும் ஒரு கதிர் வெளிவந்தது. மின்சுமை கிடையாது. காமா கதிராக, அதாவது ஒளியைப் போன்ற, ஆனால் மிக அதிக ஆற்றலுள்ள கதிராக, இருக்கும் என்று நினைத்தார்கள். 1932 ஜனவரியில் பாரிஸில் ஐரீன் கியூரியும் ஃபிரடெரிக் ஜோலியோவும் அதே கதிரின் வழியில் பாரஃபின் மெழுகை வைத்தார்கள். மெழுகிலிருந்து புரோட்டான்கள் பெரும் வேகத்தில் தெறித்தன. அவர்களும் காமா என்றே எண்ணினார்கள். அவ்வளவு அருகில் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

அந்தக் கட்டுரையைப் படித்த சாட்விக் உடனே வேலையில் இறங்கினார். ஆல்ஃபா துகளுக்கு வேண்டிய பொலோனியம், அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு மருத்துவமனை பயன்படுத்தித் தீர்த்த ரேடான் குழாய்களிலிருந்து எடுத்தது. பெரிலியக் கதிரை மெழுகின் மீது மட்டும் செலுத்தாமல் நைட்ரஜன் உள்ளிட்ட வேறு பொருள்கள் மீதும் செலுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகத்தில் தெறிக்கிறது என்று அளந்தார். மெழுகிலிருந்து வந்த புரோட்டான்களின் வேகம் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். காமா கதிர் ஒரு புரோட்டானை அந்த வேகத்தில் தள்ள வேண்டுமென்றால், பெரிலியத்திலிருந்து கிடைக்கக்கூடியதைப் போலப் பல மடங்கு ஆற்றல் அதற்கு இருக்க வேண்டும். நைட்ரஜனின் வேகத்தை விளக்க அதைவிடவும் அதிக ஆற்றல் வேண்டியிருந்தது. ஒரே கதிருக்கு இரண்டு விதமான ஆற்றல் எப்படி இருக்க முடியும்?

கோலி விளையாடியவர்களுக்குச் சாட்விக்கின் விடை எளிதில் புரியும். நின்றுகொண்டிருக்கும் கோலியை அதே அளவுள்ள இன்னொன்று ஓடி வந்து நேராக அடித்தால், ஓடி வந்தது அப்படியே நின்றுவிடும், அடிபட்டது அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு ஓடும். கனமான குண்டை அடித்தால் அது லேசாக நகரும், அவ்வளவுதான். மெழுகில் ஹைட்ரஜன் இருக்கிறது, அதன் கரு புரோட்டான். வருகின்ற துகளுக்கும் ஏறக்குறைய அதே நிறை இருந்தால் புரோட்டான் அவ்வளவு வேகமாக ஓடும், 14 மடங்கு கனமான நைட்ரஜன் மெதுவாக நகரும். எல்லா எண்களும் ஒரே சமயத்தில் பொருந்தின. பிப்ரவரி 17 தேதியிட்டு ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1935-இல் இயற்பியல் நோபல் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் வேதியியல் நோபல், செயற்கைக் கதிரியக்கத்துக்காக, ஐரீனுக்கும் ஃபிரடெரிக்குக்கும் போனது.

அப்புறம் நைட்ரஜன் புதிர் தானாக அவிழ்ந்தது: 7 புரோட்டான், 7 நியூட்ரான், மொத்தம் 14. இரட்டைப்படை. பீட்டா சிதைவில் எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சில ஆண்டுகளில் இத்தாலிய இயற்பியலாளர் ஃபெர்மி பதில் சொன்னார். மத்தளத்தை அடித்தால் ஓசை எழுகிறது, அதற்கு முன் அந்த ஓசை மத்தளத்துக்குள் ஒளிந்திருந்ததில்லை. நியூட்ரான் புரோட்டானாக மாறும் அந்தக் கணத்தில்தான் எலக்ட்ரான் பிறக்கிறது. கூடவே நியூட்ரினோ குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு துகளும் பிறக்கிறது.

கருவுக்குள் நியூட்ரான் செய்யும் வேலையைப் பார்ப்போம். புரோட்டான்கள் அனைத்தும் நேர்மின் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். இந்தத் தள்ளல் தூரத்திலிருந்தும் எட்டும். கருவைப் பிடித்து வைத்திருக்கும் வலிமையான விசையோ பக்கத்தில் ஒட்டியிருக்கும் துகளைத் தாண்டி அதிகம் எட்டாது. கரு பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு புரோட்டானையும் மற்ற எல்லாப் புரோட்டான்களும் தள்ளுகின்றன, இழுத்துப் பிடிப்பது அக்கம்பக்கத்தார் மட்டும். நியூட்ரான் இந்த இழுப்பில் பங்கு கொள்கிறது, தள்ளலில் பங்கு கொள்வதில்லை. அந்தப் பூஜ்ஜியம் இங்கே பெரிய பலம். அதனால்தான் கால்சியம் வரை 20-க்கு 20 என்று சமமாக இருந்த கணக்கு, ஈயத்துக்கு வரும்போது 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான் என்று ஆகிறது. அதற்கு மேல் எத்தனை நியூட்ரான் சேர்த்தாலும் முழுமையாக நிலைத்திருக்கும் கரு கிடையாது.

புரோட்டான் எண்ணிக்கை மாறாமல் நியூட்ரான் மட்டும் மாறினால் ஐசோடோப்பு. சாதாரணக் கார்பனில் 6 புரோட்டானும் 6 நியூட்ரானும். கார்பன்-14-இல் 8 நியூட்ரான். இது எப்படி உருவாகிறது என்பதும் நியூட்ரானின் கதைதான்: விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதி நியூட்ரான்களைத் தெறிக்க வைக்கின்றன. அதில் ஒன்று நைட்ரஜன் கருவுக்குள் புகுந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளினால், மிஞ்சுவது கார்பன்-14. செடி அதை உறிஞ்சுகிறது. செடி செத்த நாளிலிருந்து 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அதில் பாதி கரைகிறது. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி பொதுக் காலத்துக்கு முன் 580-ஐச் சேர்ந்தது என்று 2019-இல் வெளியான அறிக்கை சொன்னது இந்தக் கடிகாரத்தை வைத்துத்தான். இரண்டே இரண்டு கூடுதல் நியூட்ரான்கள் சொன்ன காலம் அது.

நியூட்ரானை எதுவும் விலக்குவதில்லை என்பதால் அது யுரேனியக் கருவுக்குள்ளும் நுழைந்துவிடும். நுழைந்தால் யுரேனியம்-235 பிளந்து, ஆற்றலோடு இரண்டு மூன்று புதிய நியூட்ரான்களையும் கொடுக்கும். வேகமாக வரும் நியூட்ரானைவிட மெதுவாக வருவது எளிதில் பிளக்கும் என்பதால் அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும். மறுபடியும் கோலிக் கணக்கு: ஏறக்குறைய அதே எடையுள்ள ஒன்றோடு மோதவிட்டால் வேகம் குறையும். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது, நன்றாக வேகம் குறைக்கும், ஆனால் சில நியூட்ரான்களை விழுங்கியும்விடும். அதனால் கூடங்குளத்தில் சாதாரணத் தண்ணீர் இருக்க, யுரேனியத்தைச் செறிவூட்ட, அதாவது அதில் யுரேனியம்-235-இன் பங்கைக் கூட்ட, வேண்டியிருக்கிறது. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில் கனநீர். அதன் ஹைட்ரஜன் ஏற்கனவே ஒரு நியூட்ரானைச் சுமந்துகொண்டிருப்பதால் இன்னொன்றுக்கு அவ்வளவாக ஆசைப்படுவதில்லை. எனவே இயற்கை யுரேனியமே அங்கே போதும். தூத்துக்குடியில் கனநீர் ஆலை வந்ததும் இந்த வகை உலைகளின் தேவைக்காகத்தான்.

அட்டவணையில் இருக்கும் பூஜ்ஜியம் உண்மையில் வெற்றுப் பூஜ்ஜியமும் இல்லை. மின்சுமையே இல்லாத நியூட்ரான் ஒரு குட்டிக் காந்தம்போல் நடந்துகொள்கிறது. 1940-இல் ஆல்வாரெசும் பிளாக்கும் அதை அளந்தார்கள். உள்ளே ஏதோ மின்சுமை இருந்து ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளாமல் இது நடக்காது. 1964-இல் கெல்-மானும் சுவைகும் தனித்தனியாகக் குவார்க் என்ற கருத்தை முன்வைத்தார்கள்: புரோட்டானும் நியூட்ரானும் அதைவிடச் சிறிய துகள்களால் ஆனவை. 1968 முதல் ஸ்டான்ஃபோர்டின் 3 கிலோமீட்டர் நீள முடுக்கியில் எலக்ட்ரான்களைப் புரோட்டான் மீது அடித்தபோது, உள்ளே சிறு சிறு புள்ளிகளில் பட்டுத் தெறிப்பதுபோல் அவை சிதறின. தங்கத் தகட்டுச் சோதனையையே இன்னும் ஆழமாகச் செய்ததுபோல. நியூட்ரானுக்குள் ஒரு மேல் குவார்க், இரண்டு கீழ் குவார்க். மேல் குவார்க்கின் மின்சுமை +2/3, கீழ் குவார்க்குக்கு −1/3. கூட்டினால் பூஜ்ஜியம். புரோட்டானில் இரண்டு மேல், ஒரு கீழ், கூட்டினால் 1.

மூன்று குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் புரோட்டான் நிறையில் சுமார் நூறில் ஒரு பங்குதான் வரும். மீதி, குவார்க்குகளின் ஓட்டமும் அவற்றைக் கட்டிவைக்கும் புலத்தின் ஆற்றலும். எடை இயந்திரத்தில் ஏறி நின்றால் தெரிகிற எண்ணில் பெரும்பகுதி இந்த ஆற்றல்தான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது பழகுவதில்லை.

குவார்க்குகளின் அந்தச் சொற்ப நிறையில் இன்னொரு விஷயம் அடங்கியிருக்கிறது. கீழ் குவார்க் மேல் குவார்க்கைவிடச் சற்றுக் கனம். அதனால் நியூட்ரான் புரோட்டானைவிட 0.14 சதவீதம் கனமாக இருக்கிறது. கனமானது இலேசானதாகச் சிதைய முடியும், ஆகவே கருவுக்கு வெளியே தனியாக விடப்பட்ட நியூட்ரான் சராசரியாகக் கால் மணி நேரத்தில் புரோட்டானாக மாறிவிடுகிறது. நிலையான கருவுக்குள் ஆற்றல் கணக்கு அதற்கு இடம் தராது. இதுவே தலைகீழாக, புரோட்டான் அந்த அளவு கனமாக இருந்திருந்தால், தனிப் புரோட்டான்கள் சிதைந்து நியூட்ரான்களாகியிருக்கும். ஹைட்ரஜன் இருந்திருக்காது, தண்ணீரும் இருந்திருக்காது.

அந்தக் கால் மணி நேரம் துல்லியமாக எத்தனை வினாடி என்பது இன்னும் தீரவில்லை. மிக மெதுவான நியூட்ரான்களை ஒரு கலனில் அடைத்து, எத்தனை மிஞ்சுகின்றன என்று எண்ணினால் சுமார் 879 வினாடி வருகிறது. நியூட்ரான் கற்றையை ஓடவிட்டு, வழியில் எத்தனை புரோட்டான் பிறக்கிறது என்று எண்ணினால் சுமார் 888. பிரபஞ்சத்தின் முதல் சில நிமிடங்களில் எத்தனை ஹீலியம் உருவானது என்ற கணக்கில் இந்த எண் நேரடியாக நுழைகிறது. ஒன்பது வினாடி வித்தியாசம் அளவீட்டுப் பிழையா, இல்லை நமக்குத் தெரியாத வேறு வழியிலும் நியூட்ரான் மறைகிறதா என்று ஆய்வாளர்கள் இன்றும் கலன்களையும் கற்றைகளையும் மேம்படுத்தி அளந்துகொண்டிருக்கிறார்கள்.